ஒரே மலை, வேறு வேறு மனநிலை: அக்ரிலிக்கில் மலைக்காட்சி வரையத் தொடங்குபவர்களுக்கு

முதல்முறை மலை வரைகிற பலருடைய படம் இப்படித்தான் இருக்கும்: மேலே நீல வானம், நடுவில் பச்சை மலை, கீழே இன்னும் கொஞ்சம் பச்சை, ஓரத்தில் ஒரு மரம். பார்த்தால் மலை மாதிரிதான் இருக்கும், ஆனால் பார்க்கிறவர் மனதில் எதுவும் அசையாது. கை இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்தில் இலை இலையாக, பாறை பாறையாக நுணுக்கிக்கொண்டே போவார்கள். குறை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. எந்த மனநிலைக்காக அந்த மலையை வரைகிறோம் என்று முடிவு செய்யாமலே டியூப்பைத் திறந்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மனநிலை முதலில், வெளிச்சமும் இருட்டும் அடுத்தது, நிறம் அதற்கப்புறம், விவரம் கடைசி. இந்த வரிசையை மாற்றாமல் ஒரு படத்தை முடித்துப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு முழுதாகப் போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு போகிற பக்கம் நின்று பார்த்தால் தெரியும் நீலகிரி. முன்னால் பாக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் காடு மூடிய அடிவாரக் குன்றுகள், அதற்கும் பின்னால் சுவர் மாதிரி எழும்பி நிற்கிற பெரிய மலை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். மலைத்தொடரின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். கல்லாறிலிருந்து மலை ரயிலே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது, அவ்வளவு செங்குத்து. இந்த இடத்தை நான் எடுத்ததற்குக் காரணம், முன், நடு, தூரம் என்று மூன்று அடுக்குகளும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன, பழகுகிறவருக்கு அது பெரிய வசதி. உங்கள் ஊரில் சிறுமலையோ பொதிகையோ சேர்வராயனோ தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், முறை மாறாது.

வாங்க வேண்டியவை

ஆறு டியூப் போதும்: அல்ட்ராமரைன் புளூ, கிரிம்சன், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் எல்லோ, டைட்டானியம் ஒயிட். வெள்ளை மட்டும் பெரிய டியூப்பாக வாங்குங்கள், அதுதான் சீக்கிரம் தீரும். பச்சை, கறுப்பு இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். டியூப்பிலிருந்து நேராக வரும் பச்சை மற்ற நிறங்களோடு ஒட்டாமல் தனியாகக் கத்தும். கறுப்பு எதில் விழுந்தாலும் அந்த நிறத்தின் உயிரை எடுத்துவிடும். இரண்டையும் நாமே கலந்துகொள்ளப் போகிறோம்.

12×16 அங்குல கேன்வாஸ் போர்டு ஒன்று, ஜெஸ்ஸோ (வண்ணம் நன்றாகப் பிடிக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசியதாகப் பார்த்து. தட்டையான பிரஷ்ஷில் ஒரு பெரியது, ஒரு நடுத்தரம், உருண்டை முனையுள்ள சின்னது ஒன்று, ஒரு பெயின்டிங் நைஃப், பழைய பனியன் துணி, தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்ப்ரே பாட்டில். அக்ரிலிக் நம் ஊர் வெயிலில் பேலட்டிலேயே காய்ந்து தோலாகிவிடும் என்பதால், மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் டிஷ்யூவை நனைத்து விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு அதில் வண்ணத்தை வையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். வரையும்போது நேர் மேலே ஃபேன் சுற்ற வேண்டாம்.

மனநிலையை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

“அமைதி”, “சோகம்”, “பிரமாண்டம்” என்று ஒற்றைச் சொல்லாக எழுதினால் அது கைக்கு எந்த வேலையும் சொல்லாது. எந்த நிறத்தை எடுப்பது, எதை விடுவது என்று அதிலிருந்து தெரியாது. “ஐப்பசி மாலை, மழை இதோ வரப்போகிறது, இன்னும் வரவில்லை, தோப்பில் யாரும் இல்லை” என்று எழுதிப் பாருங்கள். உடனே வானம் கனமாகிறது, வெளிச்சம் ஒரே ஒரு இடுக்கில் ஒதுங்குகிறது, ஆள், மாடு, வீடு எல்லாம் படத்திலிருந்து தாமாகவே வெளியேறிவிடுகின்றன.

இந்தப் பழக்கம் தமிழில் படித்தவர்களுக்குப் புதிதே இல்லை. அகப்பாடல் மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே இருக்கும் செடி, விலங்கு, மனிதர், தொழில் எல்லாம் கருப்பொருள், உணர்வு உரிப்பொருள். குறிஞ்சிக்கு மலை மட்டும் போதவில்லை, குளிர்காலமான கூதிரும் முன்பனியும் நள்ளிரவான யாமமும் சேர்ந்தால்தான் அந்த உணர்வு வருகிறது என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். மலைக்காட்சி வரைகிறவருக்கு இதைவிட நல்ல குறிப்பேடு எனக்குத் தெரிந்து கிடையாது. நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: முதல் வரியில் எந்த இடம், எந்தப் பொழுது, இரண்டாவதில் அங்கே என்னென்ன இருக்கிறது, மூன்றாவதில் என்ன உணர்வு. அப்புறம் மூன்றாவது வரிக்கு உதவாத எதையும் இரண்டாவது வரியிலிருந்து அடித்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மின்கம்பம், விளம்பரப் பலகை, செல்போன் டவர் எதையும் படத்தில் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரே மலை எப்படி இரண்டு ஆளாக மாறுகிறது என்று பார்க்க ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830 வாக்கில் செய்த ஃபூஜி மலை மர அச்சுப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்றில் தெளிந்த காலை, மலை செங்கல் சிவப்பில் எழுந்து நிற்கிறது, பின்னால் நீல வானத்தில் சின்னச் சின்ன மேகங்கள். இன்னொன்றில் கிட்டத்தட்ட அதே உருவம், ஆனால் அடிவாரம் இருண்டுபோய் அதற்குள்ளே மின்னல் கீறிக்கொண்டு போகிறது. வரைகோடு பெரிதாக மாறவில்லை. நிறமும் இருட்டும்தான் மாறியிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பார்ப்பது நிறையப் பாடம் சொல்லும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

மேட்டுப்பாளையத்திலிருந்து பார்க்கும்போது மலை வடமேற்கில் இருக்கிறது. அதனால் காலையில் சூரியன் நம் முதுகுப் பக்கத்திலிருந்து மலை முகத்தில் அடிக்கும்: பாறை, காடு, வெட்டுப்பள்ளம் எல்லாம் தெரியும், நிறமும் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். விவரம் எல்லாம் மறைந்து, மலை ஒரே தட்டையான நீல ஊதாத் தகடாகிவிடும். சோர்வு, எதிர்பார்ப்பு, பயம், தனிமை மாதிரி உள்ளடங்கிய மனநிலைகளுக்கு இந்தப் பின்வெளிச்சம் தானாகவே பாதி வேலையைச் செய்துவிடும். முதல் படத்துக்கு மாலையை எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், வரைய வேண்டிய விவரம் குறைவு. உங்கள் மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கே மலை இருக்கிற ஊரில் இதெல்லாம் தலைகீழாகும்.

டோன்: நாலு சின்னக் கட்டம்

டோன் என்று நான் சொல்வது, ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதை. சிவப்பா பச்சையா என்பது வேறு கேள்வி. மனநிலையைச் சுமப்பதில் பெரும்பங்கு டோனுக்குத்தான், நிறத்துக்கு இரண்டாவது இடம். இதைப் புதியவர்கள் நம்பவே மாட்டார்கள், ஆனால் செல்போனில் ஏதாவது நல்ல மலை ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்: அதே உணர்வு அப்படியே நிற்கும். சுமாரான ஓவியத்தை அதே மாதிரி மாற்றினால் எல்லாம் ஒரே சாம்பலாகக் கரைந்துவிடும்.

நோட்டில் விசிட்டிங் கார்டு அளவில் நாலு கட்டம் போடுங்கள். 4பி பென்சில் போதும். ஒவ்வொன்றிலும் காகித வெள்ளை, நடுச் சாம்பல், அடர்த்தி என்று மூன்றே டோன். முதல் கட்டத்தில் மலைமுகட்டை நடுவில் வையுங்கள், அடுத்ததில் மேலே ஏற்றி வானத்தை ஒரு கீற்றாக்குங்கள், மூன்றாவதில் கீழே இறக்கி வானத்தைப் பெரிதாக்குங்கள், நாலாவதில் பாக்கு மரங்களைக் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். முகடு மேலே போகப் போக மலை நம்மை அழுத்தும். கீழே வரவர வானம் பேசும். நம் ஐப்பசி மாலைக்கு வானம்தான் பேச வேண்டும், அதனால் முகட்டைப் படத்தின் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்வோம். சரியாக நடுவில் மட்டும் வேண்டாம், படம் இரண்டாக வெட்டுப்பட்டுவிடும்.

1 வெள்ளை, 10 இருட்டு என்று வைத்துக்கொண்டால் நம் படத்தின் கணக்கு இது: மழை மேகம் 5, மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு வெளிச்ச இடுக்கு 2, தூரத்து மலை 6, அடிவாரக் குன்று 8, பாக்குத் தோப்பு 9 அல்லது 10. இதை போர்டின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். வரைந்துகொண்டிருக்கும்போது நிச்சயம் தடுமாறுவோம், அப்போது இந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

அடிநிறம்

வெள்ளை போர்டின்மேல் நேராக வரைந்தால் பிரஷ் விட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் பல்லைக் காட்டும், கண் டோனைத் தப்பாக எடைபோடும். பர்ன்ட் சியன்னாவும் கொஞ்சம் கிரிம்சனும் கலந்து தண்ணீர் விட்டு, நீர்த்த செம்மண் நிறமாக போர்டு முழுக்க ஒரு வாஷ் அடித்து, பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும். அப்புறம் நாம் போடப்போகும் குளிர்ந்த நீலச் சாம்பலுக்கு நடுவில் இந்தச் சிவப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கும். மழைக்கு முந்தின மாலைகளில் மண்ணுக்குள்ளே இன்னும் சூடு இருக்குமே, அந்த உணர்வை இந்தச் சிதறல்கள் கொடுக்கும். காலைப் பனி வரைவதானால் இந்தச் சிவப்பு பொருந்தாது, ஓக்கரில் வெள்ளை கலந்த வெளிர் நிறம் நல்லது.

தாய்க் கலவை

இங்கே நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், படத்தின் விதி பேலட்டில்தான் தீர்மானமாகிறது.

அல்ட்ராமரைன் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, துளி கிரிம்சன். நைஃப்பால் நன்றாகக் கலந்தால் கிட்டத்தட்ட கறுப்பு மாதிரி ஒன்று வரும், ஆனால் அதன் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையைத் தொட்டு இழுத்துப் பார்த்தால் உள்ளே ஊதாச் சாம்பல் இருப்பது தெரியும். நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் புழுங்கும். இதைத்தான் தாய்க் கலவை என்கிறேன். நிறையவே கலந்து வையுங்கள், ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு, ஏனென்றால் நடுவில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது மிகவும் சிரமம்.

இப்போது இதிலிருந்து நாலு குவியல் பிரியுங்கள். ஒன்றில் வெள்ளை நிறைய: அது வானம். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் அல்ட்ராமரைன், மிதமான வெள்ளை: அது தூரத்து மலை. மூன்றாவதில் ஓக்கரும் கிரிம்சனும் கொஞ்சம் கொஞ்சம்: காய்ந்த ரத்தம் போல ஒரு ஊதாச் சிவப்பு வரும், அது அடிவாரக் குன்று. நாலாவதை அப்படியே விட்டுவிடுங்கள், அது தோப்பு. எல்லா நிறமும் ஒரே குவியலிலிருந்து பிரிந்ததால் ஒன்றோடொன்று உறவாக இருக்கும், படம் சிதறாது. ஒரு காட்சியில் உள்ள எல்லாவற்றின் மேலும் ஒரே காற்று, ஒரே வெளிச்சம் படுகிறது என்ற எண்ணத்தைத் தருவது இந்த உறவுதான்.

ஐந்தாவதாகத் தனியே ஒரு சின்னக் குவியல்: வெள்ளை, ஓக்கர், துளி லெமன் எல்லோ. இது மட்டும் தாய்க் கலவையைத் தொடவே கூடாது. மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற வெளிச்ச இடுக்கு இது.

மேகச் சாம்பலில் ஏன் ஊதா சாய்மானம் வேண்டும் என்றால், ஊதாவின் பக்கத்தில் மஞ்சள் இருமடங்கு எரியும். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறமும் தீர்மானிக்கிறது. பாரிஸில் கோப்லான் நெசவாலையின் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று வந்த புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கவைக்கின்றன என்று கண்டுபிடித்தார். 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஓவியர்கள் அன்றிலிருந்து அதைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். உங்களுக்கு நடைமுறையில் இதன் பொருள்: மஞ்சள் போதவில்லை என்று தோன்றினால் இன்னும் மஞ்சளைக் கொட்டாதீர்கள், பக்கத்துச் சாம்பலை இன்னும் கொஞ்சம் ஊதாவாக்கி இருட்டாக்குங்கள்.

வரையும் வரிசை

தூரத்திலிருந்து பக்கத்துக்கு வாருங்கள். வானத்துக்குப் பெரிய தட்டைப் பிரஷ். தட்டையாகப் பூசாமல், மேல் இடது மூலையிலிருந்து சாய்வாக இழுத்து இறக்குங்கள். மழை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தச் சாய்வு பிரஷ் தடத்திலேயே இருக்கட்டும். அந்தத் தடங்களை அப்புறம் தேய்த்து மழுங்கடித்துவிடாதீர்கள். உணர்வை முன்னால் வைத்து வரைகிற வெளிப்பாட்டு ஓவியத்தில் பிரஷ் ஓடிய விதமே பாதி உணர்ச்சி. அமைதியான படத்துக்குக் கிடைமட்டத் தடம், கொந்தளிப்புக்குச் சாய்வும் குறுக்கும், கனத்துக்கு மேலிருந்து கீழ். மேகம் மேலே இருட்டாகவும் இடுக்குக்கு அருகில் கொஞ்சம் வெளிர்ந்தும் இருக்கலாம். வெளிச்ச இடுக்கைப் படத்தின் முழு அகலத்துக்கும் ரிப்பன் மாதிரி இழுக்க வேண்டாம். ஒரு பக்கம் விரல் அகலம், நகர நகர ஒடுங்கி, மறுபக்கம் மேகத்துக்குள் காணாமல் போகட்டும்.

தூரத்து மலையை நடுத்தரப் பிரஷ்ஷால் ஒரே மூச்சில் போடுங்கள். நீலகிரி இந்தப் பக்கமிருந்து கூம்பாகத் தெரியாது, மேலே கிட்டத்தட்ட தட்டையாக ஓடி அங்கங்கே உடைந்து இறங்கும். கையைப் பழக்கத்துக்கு விட்டால் முக்கோணம் முக்கோணமாக வரைந்துவிடும், கவனம். வெளிச்ச இடுக்கை ஒட்டிய இடத்தில் முகடு கத்தி மாதிரி கூர்மையாக நிற்கட்டும். இடுக்கு முடிந்து மேகம் மலையைத் தொடும் இடத்தில், வண்ணம் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து, வானக் குவியலைத் தொட்ட பிரஷ்ஷால் முகட்டின் மேலே சாய்வாக இரண்டு இழுப்பு இழுங்கள். மலை அங்கே மழைக்குள் கரைந்துவிடும். ஒரே முகட்டில் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் கரைவு: இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் மழை வரப்போகிறது என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

தூரத்து மலை ஏன் நீலம் என்று கேட்பவர்களுக்கு: நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று சூரிய ஒளியில் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கிறது, அந்தச் சிதறிய நீலம் திரை மாதிரி மலையின்மேல் படர்ந்து நிற்கிறது. தூரம் கூடக்கூடத் திரை தடிக்கும், மலை வெளிரும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையும். மூடுபனியில் இருக்கும் நீர்த்துளிகள் பெரியவை என்பதால் அவை எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். அதனால் தெளிந்த நாளின் தூரத்துக்கு நீலம், பனி நாளின் தூரத்துக்கு வெள்ளை.

அடிவாரக் குன்றுகளை இரண்டு மூன்று பட்டையாகப் போடலாம். ஒவ்வொரு பட்டையின் மேல்விளிம்பும் வேறு வேறு சாய்வில் போகட்டும். எல்லாம் இணைகோடாக அலை அலையாக வந்தால் கண் சலித்துவிடும். இங்கே பிரஷ்ஷில் வண்ணத்தைக் குறைத்து, காய்ந்த பிரஷ்ஷால் உரசினால் அடியிலிருக்கும் செம்மண் அங்கங்கே தெரியும், அதை அப்படியே விடுங்கள்.

பாக்கு மரத் தண்டுக்கு நைஃப்தான் சரி. நாலாவது குவியலில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, நைஃப்பின் ஓரத்தை அதில் தொட்டு, போர்டில் செங்குத்தாக அழுத்தி எடுங்கள். பிரஷ்ஷால் வரைந்தால் வராத அந்த ஒல்லியான, விறைப்பான கோடு இதில் வரும். இடைவெளி ஒழுங்காக இருக்க வேண்டாம்: இரண்டு நெருக்கமாக, ஒன்று விலகி, ஒன்று படத்தின் மேல்விளிம்பையே தாண்டி. தலையில் இருக்கும் ஓலைக் கொத்து சின்னதுதான், தென்னை அளவுக்குப் பெரிதாக்கிவிடாதீர்கள். காற்று மழை வரும் திசையிலிருந்து அடிக்கிறது, ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயட்டும். ஒன்றிரண்டு மரத் தலைகள் அந்த மஞ்சள் இடுக்கின் மேல் குறுக்கே வரும்படி வையுங்கள். படத்திலேயே அதிக இருட்டும் அதிக வெளிச்சமும் சந்திக்கிற இடம் அதுதான், கண் அங்கேதான் போய் நிற்கும். வேறெங்கும் அவ்வளவு முரண் இருக்கக் கூடாது.

ஓலையில் பச்சை வேண்டுமென்றால் அல்ட்ராமரைனும் ஓக்கரும் கலந்து, துளி சியன்னா சேர்த்து, பச்சை என்று கண் சந்தேகப்படுகிற அளவுக்கு மட்டும்.

நிஜ நிறத்தை விட்டு எவ்வளவு தூரம் போகலாம்

நிறையவே போகலாம், ஒரு கட்டுப்பாடு இருந்தால். நிறம் எதுவாகவும் இருக்கட்டும், டோன் வரிசை குலையக் கூடாது. தூரத்து மலையை நீலத்துக்குப் பதில் ரோஜா நிறத்தில் போட்டாலும் அதன் இருட்டளவு 6-இல் நின்றால் அது தூரத்தில்தான் இருக்கும், பார்க்கிறவர் மனம் அதை ஏற்றுக்கொள்ளும். ஜெர்மன் ஓவியர் கிர்ஹ்னர் 1917-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பகுதிக்குப் போய்த் தங்கி, அங்கிருந்த ஆல்ப்ஸ் மலைகளை ரோஜாவிலும் ஊதாவிலும் கடும்பச்சையிலும் வரைந்தார். எந்த மலையும் அந்த நிறத்தில் இருக்காது, இருந்தாலும் அவை மலைகளாகவே நிற்கின்றன. ரஷ்யாவிலிருந்து வந்து 1928 முதல் 1947-இல் இறக்கும்வரை குலு பள்ளத்தாக்கின் நக்கரில் வாழ்ந்த நிக்கோலாய் ரோரிக் இன்னொரு வழி காட்டுகிறார். பசையில் குழைத்த டெம்பரா வண்ணத்தில், விவரம் குறைத்து, தட்டையான நிறப்பரப்புகளை அடுக்கி இமயமலையை வரைந்தார். பெங்களூரு சித்ரகலா பரிஷத்தில் அவருடைய படங்கள் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் நேரில் பார்த்துவிடுங்கள், அந்த நீலத்தை செல்போன் திரை காட்டாது.

நிறத்தை மாற்றும்போது ஒரு படத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் துணிச்சல் காட்டுவது முதலில் நல்லது. நம் படத்தில் அது அடிவாரக் குன்றின் சிவப்பு. வானமும் பச்சை, மலையும் சிவப்பு, தோப்பும் நீலம் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்பினால் எது உணர்வு, எது விளையாட்டு என்று பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகும்.

மற்ற இரண்டு பொழுதுகள், சுருக்கமாக

மார்கழிக் காலைப் பனி: டோன் முழுக்க 1-லிருந்து 5-க்குள்ளேயே இருக்கட்டும், அடர்த்தி எங்குமே வேண்டாம். தாய்க் கலவையில் வெள்ளை நிறைய, ஓக்கர் கொஞ்சம். மலையின் அடிப்பகுதியைத்தான் பனி விழுங்கும், முகடு தெரியும். ஈரத்துணியால் அடியை ஒற்றி எடுத்தால் போதும். கிடைமட்டத் தடம்.

கோடை மாலை, மழையில்லாத வானம்: கிரிம்சன், ஓக்கர், வெள்ளை சேர்ந்த வானம், மலை ஒரே ஊதாத் தகடு. இதில் ஆபத்து, எல்லா மலிவு வாழ்த்து அட்டைகளும் இப்படித்தான் இருக்கும். வானத்தில் சாம்பலை நிறையக் கலந்து, சூடான நிறத்தை ஒரு சின்ன இடத்துக்கு ஒதுக்கினால் தப்பிக்கலாம்.

தடுக்கும் இடங்கள்

அக்ரிலிக் காய்ந்ததும் கொஞ்சம் இருட்டாகும். ஈரத்தில் பால்போல இருக்கும் அதன் பசை காய்ந்து தெளிவாகிவிடுவதே காரணம். அதனால் வானத்தை நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி வெளிச்சமாகவே கலந்து, ஓரத்தில் ஒரு கீற்று போட்டுக் காயவிட்டுப் பார்த்துத் தொடங்குங்கள். படம் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரிந்தால் வெள்ளை கூடிவிட்டது. காய்ந்தபின் அல்ட்ராமரைனைத் தண்ணீரில் நீர்த்து மெல்லிய படலமாக மேலே விட்டால் திரும்பவும் ஆழம் வரும். சேறு மாதிரி ஆகிவிட்டால், ஈரத்தின்மேல் ஈரமாகத் தேய்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள்: நிறுத்தி, காயவிட்டு, மேலே புதிதாகப் போடுங்கள், அக்ரிலிக்கின் பெரிய வரமே அதுதான். ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை என்றால் போர்டைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள், மலை என்பது மறந்துபோய் வெறும் நிறத் திட்டுகளாகத் தெரியும்போது தப்பான திட்டு உடனே கண்ணில் படும்.

படம் முடிந்ததும் வீட்டில் யாரிடமாவது தலைப்பு எதுவும் சொல்லாமல் காட்டுங்கள். “எந்த ஊர் இது?” என்று முதலில் கேட்டால் உணர்வு இன்னும் ஏறவில்லை: தூரத்து மலையையும் குன்றையும் ஒரு படி இருட்டாக்கி, இடுக்கின் அகலத்தைப் பாதியாக்கி மறுபடி காட்டுங்கள். “மழை வரும்போல இருக்கே” என்றால் பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, அதே பென்சில் கட்டத்தை எடுத்து இன்னொரு போர்டில் மார்கழிக் காலையைத் தொடங்கலாம்.